என்டர் தட்டுகிறவள்

“அண்ணே, மெஷினு மறுபடி மொறைச்சுக்கினு நிக்குது.”

“நீயும் மொறைச்சுப் பாரும்மா. எது மொதல்ல கண்ணைத் தாழ்த்துதுன்னு பாப்போம்.”

“வெளையாடாதீங்கண்ணே. கரண்ட்டு போய் வந்துச்சு. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா நிக்குது.”

“என்டரைத் தட்டு. ஓடும்.”

தட்டும் சத்தம் போனில் கேட்கும். சற்றுப் பொறுத்து மோட்டார் உறுமும். ஆனால் பூவிழி உடனே போனை வைத்துவிட மாட்டாள். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்...” என்று இழுப்பாள்.

“கேளு.”

“வேணாம் வுடுங்க. வேலையா இருப்பீங்க.”

நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும் ஜீப்பில், புளி மூட்டைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் நசுங்கி உட்கார்ந்திருந்த சரவணகுமாருக்கு அந்தப் பேச்சுதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. மலைக் கிராமங்களின் தண்ணீர் மோட்டார் அறைகளைப் பார்த்துக்கொள்ள அடிவாரத்தில் அவன் ஒருவன்தான். ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். தொட்டி காலியானால் மோட்டாரை ஓட்டும், நிறைந்தால் நிறுத்தும். மின்சாரம் போய் வந்தால் மட்டும் பாதி வழியில் நின்று, யாராவது வந்து என்டர் தட்டும்வரை காத்திருக்கும். இந்த ஊரில் அதைத் தட்டிக்கொண்டிருந்தவள் பூவிழி.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

ஜீப் நிற்கும் இடத்தில் சாவியோடு காத்திருந்தவள் பூவிழியின் தங்கை ஈஸ்வரி. பாதை ஓரமெல்லாம் காலிக் குடங்கள் வரிசையாகக் கிடந்தன.

“வாங்க சார். இன்னிக்காவது தண்ணி வருமா? பாப்பாவைக் குளிப்பாட்டி எத்தினி நாளாச்சு. ஆட்டுக்குட்டியாட்டம் நாறுது.”

“அக்கா குழந்தையா?”

“ஆமா சார். நாந்தான் அந்த வூட்ல இருந்து பாத்துக்கறேன். இப்பல்லாம் என்னைத்தான் அம்மாங்குது.” சொல்லும்போது அவள் முகம் மலர்ந்து, உடனே கூசியது.

“அக்காவுக்கு அப்புறம் என்டர் தட்டறது யாரும்மா?”

அவள் நடையைக் குறைத்தாள். “யாரும் தட்டல சார்.”

“கரண்ட் போகலையா?”

“போவும், வரும். தண்ணியும் வரும். ரூமு பூட்டியேதான் கெடந்துச்சு. தண்ணிதான் வருதேன்னு ஊர்ல யாரும் எதுவும் கேக்கல. இந்த வாரந்தான் நின்னுபோச்சு.”

சரவணகுமார் மோட்டார் அறையை நோக்கி நடந்தான். முந்தின நாள் வேறொரு மலையில் வேலை, அதற்கு முன்தினம் இன்னொன்று. யோசிக்கக்கூட அவனுக்கு அலுப்பாக இருந்தது.

பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் ஈரச் சிமென்ட்டும் கிரீசும் கலந்த வாடை. அதற்கு அடியில், மெல்லியதாக இன்னொன்று. காய்ச்சலுக்கு நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

திரையில் அதே வெள்ளை எழுத்துகள். என்டரைத் தட்டினான். அசைவில்லை. கீபோர்டின் விளக்குகூட எரியவில்லை.

வயரைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினான். இல்லை. மின்சாரம் தரும் சார்ஜரைப் பார்த்தான், யாரோ பழைய செல்போன் சார்ஜரை மாட்டியிருந்தார்கள். அதன் வலு போதாமல் கீபோர்டு எழுந்திருக்காது. அப்பாடா, இதுதான் காரணம் என்று தன்னுடையதை மாட்டி மறுபடி ஓடவிட்டான்.

இல்லை.

கீபோர்டே செத்துவிட்டதா? தரையில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தான். வெற்றுப் பக்கத்தில் கர்சர் கீழே கீழே ஓடத் தொடங்கியது. வரி, வரி, வரியாக. யாரோ என்டரை அழுத்தியபடி கையை எடுக்காமல் இருப்பதைப் போல.

அவன் இரு கைகளும் மடியில் இருந்தன.

குனிந்து பார்த்தான். என்டர் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தது. அமுங்கியே கிடந்தால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் அதைத் தட்டியதாக எடுத்துக்கொள்ளாது. தூசு ஏதாவது சிக்கியிருக்கும் என்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். எழவில்லை. விரலால் தொட்டான்.

சில்லென்று இல்லை. சுட்டது.

வயரைப் பிடுங்கிப் போட்டான். பையிலிருந்து புதுக் கீபோர்டை உறை பிரித்து எடுத்தான். யார் கையும் படாத கீபோர்டு. கம்ப்யூட்டரில் செருகி மேசைமேல் வைத்தான்.

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் என்டர் பொத்தான் மெல்லக் கீழே இறங்கியது.

அங்கேயே நின்றது.

“ஈஸ்வரி,” அவன் குரல் கிசுகிசுப்பாகவே வந்தது. “உங்கக்கா எப்படி...?”

“காய்ச்சலு சார். மழையில கரண்ட்டு போச்சு. வேணாங்கா, படுன்னேன். காலைல ஊரே தண்ணிக்கு நிக்கும்டின்னு வந்துட்டா. விடிஞ்சு வந்து பாக்கறேன், இந்த மேசைமேல தலைய சாய்ச்சுக்கினு இருக்கா. தூங்கறான்னு நெனச்சேன். வெரலு அந்த என்டரு மேலயே இருந்துச்சு.”

மோட்டார் ஓடாத அந்த அறையில் ஒரு சத்தம் கேட்டது. மூச்சு. அசந்து தூங்குகிறவர்களின் நீண்ட, கனத்த மூச்சு. மேசைக்கு முன்னால் காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கமிருந்து வந்தது.

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. பயத்தையும் மீறி, அந்தக் களைப்பு அவனுக்குத் தெரிந்த களைப்பாக இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்தான். அதன் வயிற்றிலிருந்த நகம் அளவு மெமரி கார்டை உருவி லேப்டாப்பில் போட்டான். என்டருக்காகக் காத்திருக்கச் சொல்லும் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மலை ஏறி வந்து மாற்றுவதைவிட, போனில் ‘தட்டு’ என்று சொல்வது சுலபமாக இருந்துவிட்டது.

“இன்னா சார் பண்றீங்க?”

“இனிமே ஆளே வேணாம்மா. கரண்ட் வந்தா எதையும் கேக்காம அதுவே ஓடும்.”

ஈஸ்வரி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். “அப்போ அக்கா?”

“என்னம்மா?”

“இங்க வேலை இருந்துச்சு, இங்கியே இருந்தா. வேலை இல்லன்னா எங்க சார் போவா?” அவள் பிடியை இறுக்கினாள். “பாப்பா என்னை அம்மாங்குது சார்.”

“தண்ணி வேணுமா, வேணாமா?”

கீழே யாரோ காலிக் குடத்தை இடறும் சத்தம் கேட்டது. அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“வேணும்.”

கார்டைச் செருகி மின்சாரம் கொடுத்தான். எழுத்துகள் ஓடின. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்காமல் தாண்டிப் போயின. மோட்டார் உறுமியது. குழாய் அதிர்ந்து தண்ணீர் ஏறத் தொடங்கியது. கீழே பெண்கள் கூவிச் சிரித்தார்கள்.

என்டர் பொத்தான் மேலே எழுந்தது.

மூச்சுச் சத்தம் நின்றது.

நாற்காலி தரையில் உராய்ந்து பின்னால் நகர்ந்தது. தைல வாடை, வெக்கையோடு, இருவருக்கும் நடுவே கடந்து போனது. வாசலருகில் போய் நின்றுகொண்டது.

“அண்ணே...”

ஈஸ்வரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.”

இந்த முறை அவன் ‘கேளு’ என்பதற்காக அவள் காத்திருக்கவில்லை.

“நான் வூட்டுக்குப் போவட்டா? பாப்பா என்னைத் தேடும்.”