தன்மடிப்பு இலை

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விருந்து. சோறு விழுவதற்கு முன்பே சம்பந்தி குழந்தைவேலின் இலை தானாக மடிந்துகொண்டது. அடுத்து அவர் அண்ணனுடையது, அப்புறம் மாப்பிள்ளை வீட்டு வரிசை முழுவதும். இலை மடிந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். குழந்தைவேல் எழுந்தேவிட்டார்.

"ஏனுங்க, உட்கார வெச்சு அவமானப்படுத்தறீங்களா? தாலி இன்னும் ஏறலீங்க!"

பெண்ணின் அப்பா நாச்சிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. இலையைக் கண்டுபிடித்தவரே அவர்தான். எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் மடித்து, உறவே முறிந்த குடும்பங்கள் உண்டு. தன்மடிப்பு இலை வந்தபின் அந்த வம்பு ஓய்ந்தது; சாப்பிட்டவர் பக்கமாகவே அது மடியும். மாலையானால் இலையை மூடும் தூங்குமூஞ்சி மரத்திடம் கற்ற வித்தை. நடுநரம்பில் இயக்கச் செல்களை வளர்த்திருந்தார். அவற்றின் சுவரைச் சுற்றி, பீப்பாய்க்குப் பட்டை போட்டதுபோல் நார்கள். அதனால் தண்ணீர் ஏறினால் செல் பருக்காது, நீளும், இலை விரியும். சாப்பிட்டு முடிந்ததும் விளக்கைத் தணித்தால், தண்ணீர் வடிந்து இலை மடியும். ஆனால் கூடத்தில் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன.

"வீட்டுல தினமும் இதுலதானே சாப்பிடறேன்? ஒருநாளும் இப்படி ஆகலையே!"

மனைவி செல்வாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க இலையில நான் என்னைக்கு உப்பு வெச்சேன்? பி.பி.ன்னு டாக்டர் சொன்னதுல இருந்து பத்தியச் சோறுதானே!"

பந்தியில் முதலில் வைப்பதே உப்பு. குவித்து வைத்த உப்பு, செல்லிலிருந்த தண்ணீரை இழுத்துவிட்டது. நாச்சிமுத்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். புது இலை போட்டார்கள். உப்பு கிண்ணத்துக்குப் போனது. பாயசத்தை அவரே ஊற்றினார்.

இரண்டாம் கரண்டிக்குப் பிறகு குழந்தைவேலின் முகம் தெளிந்தது. "அப்ப, உப்பைக் கொறைச்சு வெச்சா மெதுவா மடியுங்களா?"

விஞ்ஞானிக்கு வேறென்ன வேண்டும்? எவ்வளவு உப்புக்கு எவ்வளவு நேரம் என்று நாச்சிமுத்து பூரித்துப்போய் விளக்கினார். மறுநாள் தாலி ஏறியது.

அடுத்த ஆண்டு குழந்தைவேல் வீட்டில் இளைய மகன் கல்யாணம். கல்யாணச் சாப்பாடு ஒருநாள்தானே என்று செல்வாம்பிகையிடம் மன்றாடி அனுமதி வாங்கி, நாச்சிமுத்து ஆசையாக உட்கார்ந்தார். இலை ஓரத்தில் துளி உப்பு. சாம்பார் ஆயிற்று, ரசம் ஆயிற்று. பந்தியின் கோடியில் பாயச வாளி தலைகாட்டியபோது, அவர் இலை பணிவாக அவர் பக்கம் மடிந்தது. வரிசையில் எல்லா இலைகளும் மடிந்தன.

குழந்தைவேல் கைகூப்பி நின்றார்.

"வயிறு நெறைஞ்சுதுங்களா சம்பந்தி? எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த கணக்குத்தானுங்க."

பாயச வாளி வந்த வழியே திரும்பிப் போனது.