எதிர்முனை

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளிலேயே சோப்பு வாசனையும் சூடான துணியின் வாசனையும் எதிரே வந்தன. காலை எட்டு மணி. சலவைப் பிரிவில் அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் நாள். வந்த பத்து நிமிஷத்தில் எல்லாரும் அவளைப் 'புதுப்பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வயது முப்பத்தெட்டு. முதல் தடவை புதுப்பொண்ணாகப் போன வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவள். அந்தப் பேரைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது இருப்பது அண்ணன் வீட்டு ஹாலில். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனாலும் இவள் பாயைச் சுருட்டி மூலையில் வைக்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாளைக்கு என்று கண்ணாலேயே கேட்பாள். மூன்று மாசம் குறை சொல்ல இடமில்லாமல் வேலை பார்த்தால் வேலை நிரந்தரம், ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறையும் உண்டு. தன் கையில் சாவி இருக்கிற ஒரு கதவு. அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

மடிப்பு அறையில் அவளுக்கு ஜோடி, கறார் அக்கா. நிஜப் பேர் யாருக்கும் நினைவில்லை. பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரி முத்திரை வெளியே தெரிய வேண்டும். முத்திரை உள்ளே போனால் அது வார்டுக்கான ஷீட் இல்லை. பிணவறைக்கானது. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு.

முதல் நாளே அக்கா சொல்லிவிட்டாள்.

"எதிர்முனையைப் பிடிக்க நான் இல்லேன்னா ஷீட்டை உதறக் கூடாது. தொடவே கூடாது."

ஏன் என்று இவள் கேட்டாள்.

"நீ வேலை பாக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

சாப்பாட்டுக்குப் போகும்போது அக்கா அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். நல்லது கெட்டது ஒரு வார்த்தை பேச மாட்டாள். இவளுக்கோ நாளுக்கு இத்தனை என்று கணக்கு முடிக்க வேண்டிய அவசரம். அக்கா வெளியே போகிற ஐந்து பத்து நிமிஷத்தில் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, அரைகுறையாக உதறி, தனியாகவே நாலைந்து மடித்து அடுக்கிவிடுவாள்.

மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஆறு ஷீட். ஆறிலும் முத்திரை உள்ளே. ஒரு நோயாளியின் மகள் அதைப் பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிறவருக்கா இதைப் போடுகிறீர்கள் என்று வார்டே கூடும்படி அழுதாளாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார்.

சத்தியமாக அவள் அப்படி மடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் அடுக்கினாள். அப்படியென்றால் மாற்றி வைத்தது யார்? அறையின் சாவி ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கறார் அக்கா அவசர அவசரமாக இவள் அடுக்கிய ஷீட்டுகளைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

அது போதாதா? நேரே சூப்பர்வைசரிடம் போனாள். அன்றைக்கே அக்காவை மெஷின் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

அக்கா சண்டை போடவில்லை. சாவியை இவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒத்தையில உதறாதே."

போகும்போதும் மிரட்டிவிட்டுப் போகிறாள் என்றுதான் இவள் நினைத்தாள்.

அடுத்த ஆள் வர நாலு நாள் ஆகும், சமாளி என்றார்கள். மதியம் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. இவள் வண்டியிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்து, இரண்டு முனையைப் பிடித்து உதறினாள்.

ஷீட் கீழே இறங்கவில்லை.

எதிர்ப்பக்கம் இவள் மார்பு உயரத்துக்கு நின்றது. இரண்டு முனையும் யாரோ விரலால் பிடித்த மாதிரி குவிந்திருந்தன. காற்றாடி ஓடவில்லை. ஜன்னலும் கிடையாது.

சோப்பு வாசனை போய், வெகுநாள் திறக்காத பெட்டியின் வாசனை வந்தது.

ஷீட் பாதியாக மடிந்தது. எதிர்முனை இவளை நோக்கி வந்தது. ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு அடியாக.

இவள் விரல்களில் ஏதோ பட்டது. ஈரம் இல்லை. ஆனால் அப்படி ஒரு குளிர்ச்சி.

முத்திரை உள்ளே போய்விட்டது.

எப்படி மெஷின் அறைக்கு ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கறார் அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"உதறிட்டியா?"

இவள் தலையாட்டினாள்.

"யாருக்கா அது?"

"தெரியாது. நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு. எதிர்ப்பக்கம் ஆள் இல்லேன்னா அது வந்து நிக்கும். நீ ஒத்தையில உதறினப்பல்லாம் அதைக் கூப்பிட்டே. அப்புறம் நாம போனதும் அடுக்கையெல்லாம் அது பாணிக்கு மாத்தி வெச்சிடும். நான் காலைல வந்து உதறாம மேஜை மேல வெச்சே பிரிச்சு மடிப்பேன். அஞ்சாறு கண்ணுக்குத் தப்பிடும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நம்பியிருப்பியா? கிழவிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு அதையும் சேர்த்து மேல எழுதிக் குடுத்திருப்பே."

இவள் சாயங்காலமே சூப்பர்வைசரிடம் போய், தப்பு என்னுடையது, அக்காவைத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டாள். அவர் இவளை ஒரு மாதிரி பார்த்தார். நல்லவேளை, பிழையைத் தானே ஒத்துக்கொண்டவள் என்று அதோடு விட்டுவிட்டார்.

அக்கா திரும்பி வந்தாள். அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் எதிர்முனையை விடவுமில்லை. ஒருத்தி வெளியே போனால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு ஒரு ஷீட்கூடத் திரும்பி வரவில்லை.

மூன்று மாசம் முடிந்தது. வேலை நிரந்தரமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியிருப்பு வாசலில் விட்டுப் போனான். அண்ணி ஒரு புது பெட்ஷீட் கொடுத்தனுப்பியிருந்தாள், பூப்போட்டது. 'இனிமே கட்டில்ல நிம்மதியா தூங்கு' என்று சொல்லச் சொன்னாளாம்.

இவள் தன் சாவியால் தன் கதவைத் திறந்தாள். உள்ளே போய்த் தாழ் போட்டாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில். ஒரு கட்டில், ஒரு மெத்தை, ஒரு நாற்காலி. சந்தோஷத்தில் அவளுக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. பூப்போட்ட ஷீட்டைப் பிரித்தாள். உதறிக் கட்டில் மேல் போட்டாள். அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்தது.

இந்தப் பக்கத்து இரண்டு முனையையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, அந்தப் பக்கம் செருகுவதற்காகக் கட்டிலைச் சுற்றிப் போனாள்.

அங்கே இரண்டு முனையும் ஏற்கெனவே செருகியிருந்தன.