இரண்டு வன்னாக்கன்கள்

"வன்னாக்கன்" என்று பெயர் கூப்பிட்டார்கள்.

பேர்பெச்சுவா எழுந்தாள். மூன்று மேசை தள்ளி இன்னொருவனும் எழுந்தான்.

ஜேர்மனியின் ஆஹென் நகரக் காப்பகத்தின் வாசிப்பறை அது. 2008 ஐப்பசி. வெளியே மழை... அந்த ஊர் மழைக்கு அடித்துப் பெய்யவும் தெரியாது, விட்டுப் போகவும் தெரியாது. யன்னலுக்கு அப்பால் தெரு முழுக்க ஈரச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

இருவரும் ஒன்றாகவே மேசைக்குப் போனார்கள். பழைய ஞானஸ்நானப் பதிவுகளின் பிரதி இருந்த ஒரே பெட்டியில் இரண்டு கைகள் விழுந்தன. அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஜேர்மன் மறந்து போனது.

"கையை எடுங்கோ. என்ர பேரைத்தான் கூப்பிட்டவை."

"என்ர பேரும் அதுதான். அட்டை காட்டவோ?"

காட்டினான். ஜோன்சன் வன்னாக்கன், பிறந்த இடம் பேசாலை, இலங்கை. அவளும் வீம்புக்குத் தன் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பேர்பெச்சுவா வன்னாக்கன், நாவாந்துறை.

அப்போதுதான் அவன் கண்களைச் சரியாகப் பார்த்தாள். மழை ஓய்ந்த குளம் போல... மேலே அமைதி, அடியில் இன்னும் தெளியாத கலங்கல். அவள் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒரே மேசையில் இருந்து பார்த்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறி வந்த சிப்பாய் ஹென்றிக் வன் ஆக்கன் அவளுடைய வம்சத்தின் முதல் ஆள். அவனுடைய வம்சத்தில் அது யான் வன் ஆக்கன் என்ற இன்னொரு சிப்பாய். ஒல்லாந்துக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டபோது, ஆஹெனில் தேடிப் பாருங்கள் என்று இருவருக்கும் ஒரே பதில் வந்திருந்தது. ஒல்லாந்து எல்லை கூப்பிடு தூரம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு இந்தத் தேடலைத் தந்தவன் தம்பி சூசைதாசன். ஊரில் கோயில் கல்லறைகளை எல்லாம் பார்த்து எழுதிய கொப்பி ஒன்று வைத்திருந்தான். 'அக்கா, நீங்கள் ஒல்லாந்துக்குப் பக்கத்தில இருக்கிறியள். எங்கட பூட்டன்ர ஊரை ஒருக்கால் தேடிப் பாருங்கோ' என்பது அதில் கடைசி வரி. போன வருடம் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் வந்தது. கொப்பி அதற்குப் பிறகு தபாலில் வந்தது.

அன்றைக்குப் பெட்டியில் ஒன்றும் அகப்படவில்லை. வெளியே வந்து குடையை விரிக்கும்போது ஜோன்சன் சொன்னான்.

"ஒல்லாந்தன் எங்களுக்கு விட்டிட்டுப் போன சொல்லுகள் கந்தோர், கக்கூசு, போஞ்சி. அதோட நீங்களும் நானும்."

தம்பி போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

பிறகு புதன்தோறும் சந்தித்தார்கள். அவன் முதியோர் இல்லமொன்றில் சமையல். அவள் வாசனைப் பிஸ்கட் செய்யும் பேக்கரியில் வேலை. உங்களில கறுவா மணக்குது என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு, எழுத்து விளங்காத பக்கத்தை வெகுநேரம் படித்தான். அன்றிரவு அவள் தலை முழுகவில்லை...

காப்பகம் மூடியிருந்த ஒரு புதன், மழைக்கு ஒதுங்க அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா இராயப்பு. மகனைப் புதைத்துவிட்டு ஊரிலிருந்து அவளிடம் வந்தவர். அன்றிலிருந்து சவரம் செய்யாத முகம். பெயர் கேட்டார். ஜோன்சன் சொன்னான். அவனுடைய வம்சத்தின் முதல் ஆளையும் கேட்டறிந்தார். பிறகு அவன் கையைப் பிடித்தார்.

"ஹென்றிக்கும் யானும் கூடப்பிறந்ததுகள். வேறென்ன? நீ எனக்கு மகன் முறையடா."

திரும்பி அவளைப் பார்த்தார். ஒரு வருடமாக அந்தக் கண்களில் இல்லாத ஈரம் அது.

"பிள்ளை, அண்ணாவுக்குத் தேத்தண்ணி போடு."

குசினிக்குள் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அவள் நின்றாள். ஒரு தகப்பன் வழியில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. இருநூற்றைம்பது வருடமானாலும் முறை முறைதான்... அப்பாவிடம் அதற்கு மறுபேச்சு இல்லை. அவளுக்கோ மறுபேச்சுப் பேச வாயும் இல்லை. பேசினால் அவருக்குக் கிடைத்த மகனை அவளே பறித்ததாக ஆகும்.

அதன் பிறகு ஞாயிறுகளில் அப்பா சவரம் செய்தார், ஒழுங்காகச் சாப்பிட்டார். ஜோன்சன் வந்தால் மேசை லாச்சியைத் திறந்து சூசைதாசனின் கொப்பியை எடுப்பார். அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான். ஒல்லாந்தன் கத்தோலிக்க வேதக்காரரைக் கலைத்துக் கலைத்து அடித்தவன். அவன் படையில் இருந்த ஹென்றிக் மட்டும், கொப்பியில் எழுதியிருப்பதுபோல, எப்படி வெடிமருந்துப் பைக்குள் செபமாலை ஒளித்து வைத்திருந்தான்? இருவரும் அதைப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவள் கோப்பையை நீட்டி, "அண்ணா, தேத்தண்ணி" என்பாள். ஜோன்சன் நிமிராமல் வாங்குவான்.

மாசி மாதம், அவனுக்குச் சொல்லாமல் காப்பகத்துக்குப் போனாள். ஹென்றிக்குக்கும் யானுக்கும் வெவ்வேறு தாய் தகப்பன் என்று ஒரு வரி கிடைக்காதா... அந்த ஆசை அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பதிவு மேசைப் பெண் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். அந்தப் பெயர் எங்கள் ஏடுகளில் இருக்காது என்றாள். வன் என்றால் ஒல்லாந்தில் 'இருந்து'. ஆக்கன் என்பது ஆஹெனுக்கு அவர்கள் சொல்லும் பெயர். ஒல்லாந்துக் கொம்பனிப் படையில் ஜேர்மன்காரர்கள் நிறையப் பேர். கத்தோலிக்க ஊரான ஆஹெனிலிருந்து போனவர்களை எல்லாம் அப்படித்தான் எழுதினார்கள்; அது குடும்பப் பெயரே அல்ல.

"ஆஹெனில் இருக்கிறவனை ஆஹென்காரன் என்று யாராவது கூப்பிடுவார்களா? ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஊர் பெயராகும்."

அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், "உங்கள் பெயர்க்காரருக்கு இதைக் கார்த்திகையிலேயே விளக்கினேனே."

பஸ் தரிப்பில் ஜோன்சன் நின்றான். வேலை முடிந்து வழக்கமாக அந்த வழியால் போகிறவன். அவள் குடையை விரிக்காமலே அவன் முன்னால் போய் நின்றாள்.

"தெரிஞ்சிருந்தும் மூண்டு மாதம் அண்ணா எண்டு கூப்பிட விட்டனீங்கள்."

அவன் மறுக்கவில்லை. சொல்லத்தான் விளக்கம் கேட்ட அடுத்த ஞாயிறே வந்ததாகச் சொன்னான். கதவைத் திறந்த ஐயா சவரம் செய்து வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். மகன் வந்திட்டான் என்றார்...

"எங்கட அப்பா கடலில போய் பதினெட்டு வருசம். அதுக்குப் பிறகு மகன் எண்டு ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. வாய் வரேல்லை."

"அப்ப மகனாவே இருங்கோ."

நடந்தாள். பின்னால் காலடிச் சத்தம். அவளுக்கு மேலே குடை வந்தது, அவன் வெளியே நனைந்தான்.

"பேர்பெச்சுவா... நீங்கள் அண்ணா எண்டு தந்த தேத்தண்ணி ஒண்டும் என்ர தொண்டையால இறங்கினதில்லை."

அவள் நின்றாள். அவன் இமைகளில் மழை. குளம் இப்போது அடிவரை தெளிந்திருந்தது.

"எனக்கும் அப்பிடிக் கூப்பிட இனி ஏலாது," என்றாள். "பெட்டியில கை பட்ட அண்டையில இருந்தே ஏலாது. ஆனா அப்பாட்டை ஆர் சொல்லுறது? இன்னொரு மகனையும் அவரிட்ட இருந்து பறிக்கிறதோ?"

அவன் குடையை அவள் பக்கம் இன்னும் சரித்தான்.

"மருமகன் எண்ட சொல்லுக்குள்ளயும் மகன் இருக்குதுதானே..."

அடுத்த ஞாயிறு ஜோன்சன்தான் அப்பாவிடம் சொன்னான். இராயப்பு கதிரையில் இருந்து கேட்டார். ஹென்றிக் ஒல்லாந்தனே இல்லை என்றதும், "அதுதான் செபமாலை," என்று மட்டும் முணுமுணுத்தார். சகோதரங்கள் அல்ல என்றதும் கண்களை மூடிக்கொண்டார். யன்னலில் மழை வழிந்தது. மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொப்பியின் கடைசி வரிக்குக் கீழே 'ஆஹென்' என்று எழுதி, லாச்சிக்குள் வைத்து, மெல்லச் சாத்தினார். சூசைதாசனை இரண்டாவது தடவை அடக்கம் செய்வது போலிருந்தது.

நின்றுகொண்டிருந்தவனை நிமிர்ந்து பார்த்தார். அவனை எப்போதும் நீ என்றே பேசியவர்.

"இருங்கோ, தம்பி."

அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"பிள்ளை, இவருக்குத் தேத்தண்ணி போடு."

அன்று தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது. மூவரும் மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.