பயம் இருந்த இடம்

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் பிற்பகல், தலையணையில் சாய்ந்திருந்த தம்பி கால்களை மடக்கி, யாரோ உட்கார இடம் விடுவதுபோல் ஒதுங்கிக்கொண்டான். கட்டிலின் நடுவில் அவனைப் பார்த்து உட்கார்ந்து, மாத்திரைகளை வேளைவாரியாக டப்பாவில் பிரித்துக்கொண்டிருந்த அக்கா அதைக் கண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் கால்மாடு காலியாகக் கிடந்தது.

"கால் மரத்துப்போச்சா?"

"இல்லக்கா."

நான்கு வருடங்களாக அவள் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. தம்பிக்கு வலிப்பு. ஒவ்வொரு முறையும் முதலில் அவனுக்கு முடி கருகும் நாற்றம் வரும். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்து முகம் வெளுத்து, கட்டில் கம்பியை இரண்டு முறை தட்டுவான். அவள் திரும்பிப் பார்த்து "யாரும் இல்லடா" என்று சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் கைகால் வெட்டத் தொடங்கிவிடும். நாளாக ஆக, அலுப்பில், அவள் திரும்பாமலே அதைச் சொல்லப் பழகிவிட்டாள்.

"வலது நெத்திப்பொட்டுக்கு உள்ள, வாதுமைக் கொட்டை அளவும்மா," என்றிருந்தார் டாக்டர். "பயம் பொறக்குற இடம். வலிப்பும் அங்கதான் கிளம்புது. அதான் யாரோ நிக்கிற மாதிரி தோணுது. எடுத்துட்டா சரியாயிடும்." அவள் கையெழுத்துப் போட்டாள். இனியாவது இருவரும் தூங்கலாம்.

சிகிச்சைக்குப் பின் ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. பயமும் இல்லை. "உன் மூஞ்சியவே இத்தனை வருஷம் பாத்தவன், இனி எதுக்குக்கா பயப்படணும்?" என்று நேற்றுகூடச் சிரித்தான்.

வெளியே தெரு அடங்கிக் கிடந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம், மாத்திரை அட்டை உடையும் சத்தம், அவன் சீரான மூச்சு. அந்தச் சீரில் அவளுக்குக் கண் சொருகியது. அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மெல்லியதாக. முடி கருகும் நாற்றம்.

அவன் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும். ஒருநாளும் முகர்ந்ததில்லை.

"வலிப்பு வர்ற மாதிரி இருக்கா?"

"இல்லக்கா."

"கருகுற வாசனை?"

"அது எப்பவும் இருக்கே."

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி நின்றது. முகம் வெளுக்கவில்லை. கம்பியைத் தட்டவில்லை. தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் லேசாகத் தலையசைத்தான்.

"யாரும் இல்லடா," என்றாள். திரும்பாமல்.

"பயம் போயிடுச்சுக்கா. அதான் இப்ப நல்லா பாக்க முடியுது."

அவள் கையிலிருந்த மாத்திரை மெத்தையில் விழுந்து உருண்டு நின்றது. திரும்ப நினைத்தாள். கழுத்து அசையவில்லை.

"பாக்காத," என்றான் மெதுவாக. "இத்தனை நாள் நின்னுக்கிட்டே இருந்துச்சு. பாவம்."

மின்விசிறி சுற்றியது. நாற்றம் கெட்டியானது. அவன் கால்களை இன்னும் சற்று இழுத்துக்கொண்டான்.

அவள் முதுகுக்குப் பின்னால், கால்மாட்டில், மெத்தை மெல்ல அமிழ்ந்தது. நின்றிருந்த மாத்திரை அசைந்தது. பிறகு அந்தப் பள்ளத்தை நோக்கி உருளத் தொடங்கியது.