நீலத் தையல் போட்ட துணி

குட்டியின் கன்னத்துக்கு அடியில் கிடந்த துணி அவளுடையது அல்ல.

முதலில் மூக்குக்குத்தான் அது தெரிந்தது. கண்ணாடிப் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் தலையைத் தடவி, அந்தக் கையை வழக்கம்போல முகர்ந்து பார்த்தபோது, கை கழுவும் மருந்தின் காரத்துக்கும் சூடான பிளாஸ்டிக் வாடைக்கும் நடுவே வேறொரு மணம் வந்தது. இனிப்பான, கொழுத்த பால் மணம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒரு பெண்ணின் கழுத்து மணம். அவளுடைய பாலுக்கு மணமே கிடையாது. மணக்கிற அளவுக்கு அது என்றைக்குச் சுரந்தது?

அந்த வார்டில் ஒரு பழக்கம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்து பெட்டிக்குள் கிடக்கும் பிள்ளைகள் அம்மாவின் வாசனையை மறந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு அம்மாவுக்கும் உள்ளங்கை அகலத்தில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி கொடுப்பார்கள். அதை உள்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்து, வீட்டுக்குக் கிளம்பும்போது பிள்ளையின் கன்னத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லாத் துணியும் ஒரே மாதிரி இருக்கும். அவள் மட்டும் தன்னுடையதின் மூலையில் நீல நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்திருந்தாள். இந்தத் துணியில் அது இல்லை.

யாருடையது என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. பக்கத்துப் பெட்டிக்காரியைத் தவிர வேறு யாருக்கு அப்படி மணக்கும்?

பெயர் தெரிந்தும் மனசுக்குள் அவள் அந்தப் பெண்ணை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். பால் எடுக்கும் அறையில் இருவரும் அருகருகே உட்காருவார்கள். அவள் மிஷினை வைத்துக்கொண்டு முக்கி முனகி ஒரு மூடியளவு எடுப்பதற்குள், பக்கத்துப் பெட்டிக்காரி புட்டியை நிரப்பி மூடிவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி எழுந்து போய்விடுவாள். அவளுடைய பிள்ளைக்கு எடை ஏறியது, மூச்சுக் குழாயைக் கழற்றிவிட்டார்கள், சிஸ்டர்மார் நின்று நின்று கொஞ்சினார்கள். பார்க்கப் பார்க்க இவளுக்கு வயிறு எரியும். கொடுத்து வைத்த மகராசி என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளாவது எடை குறையட்டுமே என்றும் நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான் நினைத்தாள். அதற்குமேல் நினைக்கவில்லை.

அந்தப் பிள்ளை முந்தின நாள் செத்துப்போனது. ஏதோ தொற்று என்றார்கள். காலையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது, சாயங்காலம் பெட்டி காலியாகிவிட்டது.

பெட்டிகளைத் துடைக்கும்போது துணி மாறியிருக்கும் என்றார் பெரிய சிஸ்டர். அவளுடையதைத் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பிள்ளை இந்தத் துணியில் நன்றாகத் தூங்குகிறது, அப்படியே இருக்கட்டும் என்று வேறு சேர்த்துக்கொண்டார். குட்டி உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தான். துணியின் ஓரத்தைக் குட்டிக் கையால் இறுகப் பிடித்து, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து தூங்காத தூக்கம். அவளுடைய துணியில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை.

அவள் துணியை உருவினாள். பிள்ளை வீறிட்டான், மானிட்டர் கத்தியது, சிஸ்டர் ஓடி வந்தார். அதற்குள் துணியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, காலால் மூடியை மிதித்து மிதித்து மூடினாள்.

கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள். எதுவும் சரியாகவில்லை. மாறாக ஒரு விசித்திரம் நடந்தது. அவளுக்குப் பால் சுரக்க ஆரம்பித்தது. ஆனால் குட்டி அழும்போது சுரக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கும், தொட்டிலில் அவன் அசையாமல் கிடப்பான், குழாய் சொட்டுவதும் கடிகாரம் ஓடுவதும் மட்டும் கேட்கும், அப்போது யாரோ கூப்பிட்டதுபோல நெஞ்சு குறுகுறுத்துச் சட்டை நனையும். சிறிது கண்ணயர்ந்து எழுந்தால் இரண்டு பக்கமும் வற்றிக் கிடக்கும். படுக்கையில் அவளுக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு சிறிய பள்ளம் இருக்கும். மழையில் நனைந்த மண் வாடை வரும். பசித்த பிள்ளைக்குக் கொடுக்க ஒரு சொட்டு இருக்காது.

குட்டி இளைத்தான். ஒருநாள் தொட்டிலில் மூச்சை நிறுத்திவிட்டான். வாரிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஏறிய எடை வீட்டில் இறங்கியது, மறுபடியும் மூச்சு நின்றது, மறுபடியும் ஓடினார்கள். குட்டியின் மூக்கைத் துடைத்த பெரிய சிஸ்டர் பஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"என்னம்மா இது, மூக்குல மண்ணு? வீட்ல பூந்தொட்டி எதுவும் பக்கத்துல இருக்கா?"

வீட்டில் பூந்தொட்டியே கிடையாது.

இன்னொரு முறை இப்படி இளைத்தால் தாங்க மாட்டான் என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் எதைக் கொடுத்துத் தேற்றுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். தாய்ப்பால்தானாம். பால் அதிகமுள்ள ஒரு அம்மா தினமும் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறாராம். அவள் விறுவிறுவென்று நடந்தாள். பால் எடுக்கும் அறைக் கதவைத் தள்ளினாள். பிள்ளை செத்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள் பக்கத்துப் பெட்டிக்காரி. இப்போது முணுமுணுக்கவில்லை.

"நிக்க மாட்டேங்குதுக்கா," என்றாள். "எதுக்குக் கீழ ஊத்தணும்னு குடுக்கறேன்."

பக்கத்துப் பெட்டிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். புதைக்கும்போது துணியக் கழுத்தச் சுத்திப் போட்டு அனுப்புனேன். வாசனை கூட இருக்கட்டும்னு. மண்ணு தள்ளும்போதுதான் பாத்தேன், மூலையில நீலமா ஒரு தையல் இருந்துச்சு."

மிஷின் மட்டும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"பாவம் அவன், உங்க வாசனைய மோந்துக்கிட்டுத்தான் போயிருக்கான். உங்களத்தான் அம்மான்னு நெனச்சிருப்பான்."

அவள் காதில் அது சரியாக ஏறவில்லை. அந்தப் பெண்ணின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைக்கூட அவள் நம்பவில்லை. என் பிள்ளையின் வயிற்றில் இவள் பால், என் பிள்ளையின் கன்னத்தில் இவள் வாசனை என்பதே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருமுறை குட்டியைத் தூக்கிப் பால் கொடுக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது, என் பிள்ளையைத் தொட்டால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் தொடவைத்தது அவள் கணவன்தான். அவன் சாது, மனைவியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். இந்த முறை வீட்டுக்கு வந்ததும், நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, எனக்குப் பிள்ளை வேண்டும் என்று சொல்லி, அந்தப் பெண்ணை மதியங்களில் வரச் சொல்லிவிட்டான். அவள் சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் குட்டியின் விலா எலும்புகளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

முதல் மதியம் படுக்கையறைக் கதவைச் சாத்திச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. பக்கத்துப் பெட்டிக்காரி குட்டியைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவன் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம். கூடவே அந்தப் பழைய முணுமுணுப்பும் திரும்பியிருந்தது. ஒவ்வொரு மடக்கும் அவள் தொண்டையில் முள்ளாக இறங்கியது. எனக்கும்தான் ஊறுகிறது, எனக்கும்தான், என்று தலையணையைக் கடித்தாள். வெயில் ஏறிய திரை அசைந்து அசைந்து அடங்கியது. கண் சொருகியது.

யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டார்கள்.

கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. சின்ன முட்டுக்கால்கள் அவள் வயிற்றில் ஊன்றின, வாய் சட்டையை முட்டி முட்டித் தேடிப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு நெஞ்சு விம்மியது. அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டான், நிறைந்த மார்பை விட்டுவிட்டு என்னைத் தேடி வந்துவிட்டான் என்று உடம்பெல்லாம் பூரித்தது.

"வந்துட்டியாடா தங்கம்? அவ வேணாமா உனக்கு?"

பிள்ளை பலமாக இழுத்தது. இவ்வளவு பலம் குட்டிக்கு எப்போது வந்தது?

வாய் ஜில்லென்று இருந்தது.

கூடத்தில் குட்டி ஏப்பம் விட்டான். கணவன் சிரித்தான். "நல்ல பசிதான் இவனுக்கு," என்றான்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

மண் வாடை. ஈரம். கை தானாக நகர்ந்தது. தலை. தலையில் பிசுபிசுப்பு. கழுத்து. கழுத்தைச் சுற்றி ஒரு துணி. உள்ளங்கை அகலம். அதன் மூலை. மூலையில் நூல் தட்டுப்பட்டது.

குறுக்காக ஒரு கோடு. அதன்மேல் இன்னொன்று.

கத்த வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. தள்ளினாள். ஈறு இறுகியது. பால் மட்டும் நிற்காமல் சுரந்துகொண்டே இருந்தது.

கூடத்தில் குட்டி லேசாகச் சிணுங்கினான்.

இழுப்பது நின்றது.

வாய் மெதுவாக விலகியது. தலை திரும்பியது, கதவுப் பக்கம். சின்னக் கை அவள் நெஞ்சிலிருந்து வழுக்கிப் படுக்கையில் ஊன்றியது. குட்டியின் மூக்கிலிருந்து எடுத்த பஞ்சு, அதில் ஒட்டியிருந்த மண். இது தொட்டிலுக்கும் போயிருக்கிறது என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்தாள். மார்போடு சேர்த்து அணைத்தாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"குடிடா கண்ணா. அங்க யாரும் இல்ல. அம்மாவுக்கு நீ மட்டுந்தான்."

கூடத்தில் குட்டி மறுபடியும் அழுதான்.

அணைப்புக்குள் அது குடிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.