நிகராட்டத்தில் அமலதாஸ்

திங்கட்கிழமை விடிந்ததும் குமுதவல்லி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கணுக்கால்களைப் பார்ப்பாள். பிறகு முழங்கால்கள், தொடைத் தசைகள், தோள்பட்டைகள். ஞாயிறு மாலை வடசென்னை கால்பந்து லீக்கில் ஆடியவர்களின் உடம்பை அளக்கும் உணர்சட்டைகள் அனுப்பிய உடல்வரைவுகள் அவை. எந்தத் தசை எந்த நிமிடத்தில் இழுத்துக்கொண்டது, யார் வலியை மறைத்துக்கொண்டு ஓடினான் என்பதெல்லாம் திரையில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும். பால் பொங்குவதற்குள் எந்தக் காயம் மனுவுக்குத் தேறும், எது தேறாது என்று அவள் சொல்லிவிடுவாள். மின்பேருந்துப் பணிமனையில் பேட்டரிகளைச் சோதிப்பது அவள் வேலை. ஆனால் கன்னிகாபுரத்தில் அவளைக் காயமனு எழுதுகிற குமுதாக்காவாகத்தான் எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருடத்தில் முப்பத்தேழு மனுக்கள் எழுதியிருக்கிறாள். ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லை.

அதற்கு முன்பெல்லாம் ஆட்டம் முடிந்தால் தெருவில் சண்டைதான். "எங்க ஸ்டாப்பர் மட்டும் வந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களா?" என்பான் ஒருவன். "காயமும் ஆட்டத்துல சேர்த்திதான், பெஞ்சுல ஆள் வெச்சிக்காதது உங்க தப்பு" என்பான் இன்னொருவன். ஒரு வருடம் இந்தப் பேச்சு முற்றி, காசிமேட்டுக்காரர் ஒருவருக்குக் கண் போயிற்று. அடுத்த வருடமே லீக் நிகராட்டத்தைக் கொண்டுவந்தது. காயம்பட்டவர்கள் நல்ல உடம்போடு ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணிப்பொறி நிமிடத்துக்கு நிமிடம் ஆடிப் பார்க்கும். ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது பேர் கொண்ட ரசிகர் அவை உண்டு. அவர்கள் ஓட்டுப் போட்டு, திங்கள் மாலை நான்கு மணிக்குள் காயமனு கொடுத்தால், லீக்கின் ஏட்டில் நிகராட்டத்தின் முடிவு ஏறும். திடலில் நடந்தது ஏட்டிலிருந்து போய்விடும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முடிவுகள் இருக்க முடியாது என்பது விதி.

அன்றைய மனு அவள் எழுதியதிலேயே பெரியது. சீசனின் கடைசி ஆட்டத்தில் கன்னிகாபுரம் கொடுங்கையூரை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றிருந்தால், காசிமேட்டைத் தாண்டி கோப்பை அவர்களுக்கு. இருபத்தாறு வருடமாக வராத கோப்பை. வென்றது இரண்டுக்கு ஒன்று. சனிக்கிழமை பயிற்சியில் கோல்கீப்பர் டெரன்ஸுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது. ஆறு வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஒரு நிமிடம்கூட ஆடாத அமலதாஸை இறக்கினார்கள். முதல் பாதியில் ஒரு கார்னரில் அவன் தடுமாறி கோல் விட்டான். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கோல் கோட்டிலிருந்து முந்தி ஓடிவந்து எதிரணிக்காரனை இடறிவிட்டு, பெனால்டியும் கொடுத்தான். அந்தப் பெனால்டியை இடப்பக்கம் பாய்ந்து விரல்நுனியால் தட்டி வெளியே தள்ளியதும் அவன்தான். டெரன்ஸ் ஆடியிருந்தால் மூன்றுக்குப் பூஜ்யம் என்று நிகராட்டத்தின் கணக்கு ஞாயிறு இரவே வந்துவிட்டது. குமுதவல்லியின் தம்பி கஜபதி வெற்றி பேனருக்குத் துணி வாங்கிவிட்டான்.

மனுவில் ஒரு கைரேகை மட்டும் பாக்கி. காயம்பட்டவருக்குப் பதிலாக ஆடி, இப்போது ஏட்டிலிருந்து நீங்குகிறவரிடம் செய்தியைச் சொல்லி, சொன்னதற்கு அடையாளமாக விரல் பதித்து வாங்க வேண்டும். அவர் சம்மதிக்க வேண்டும் என்றில்லை, தெரிந்துகொண்டால் போதும். ஒன்பது மணிக்குக் குமுதவல்லி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் வாசலில் நின்றாள். அமலதாஸ் அங்கே வடிகட்டிகள் கழுவுகிறவன். முப்பத்து நான்கு வயது. ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தான். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது.

"பெனால்டில பட்டதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. வீங்கிக்கினு கீது. வேலைக்கு ஒண்ணும் இல்ல."

"மனு குடுக்கப் போறோம், அமலு. கப்பு நமக்கு வந்துரும்."

"தெரியும்க்கா. மூணு பூஜ்யம்." அவன் கட்டை விரலைப் பூட்ஸின் மேலே தேய்த்துத் துடைத்தான். அவள் நீட்டிய திரையில் பதியப் போனவன் நிறுத்தினான். "ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆட்டத்துல நான் இன்னா பண்றேன்?"

"எந்த ஆட்டத்துல?"

"மூணு பூஜ்யம் ஆட்டத்துல. டெரன்ஸ் கோல்ல நிக்கிறான். நான் எங்க கீறேன்?"

குமுதவல்லி அதை யோசித்ததே இல்லை. முப்பத்தேழு மனு எழுதியவள் ஒரு நிகராட்டத்தையும் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. எண் மட்டும்தான் வரும். பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.

"தெரியலப்பா" என்றாள்.

"சும்மா கேட்டேன்க்கா." அவன் விரலைப் பதித்துவிட்டு உள்ளே போனான்.

திரும்பும்போது பேருந்தில் அவளுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவன் வருத்தப்பட்டிருந்தால்கூட சமாதானம் சொல்லிவிட்டு மறந்திருப்பாள். அவன் வருத்தப்படவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டான். அந்த ஆசை அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

ரசிகர் அவை கூடுவது கேரம் கிளப்புக்கு மேலே இருக்கும் அறையில். மதியம் ஒன்றரை மணிக்குக் குமுதவல்லியோடு சேர்த்து ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். தலைவர் எபினேசர், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். காயமனு வேண்டுமென்று அந்தக் காலத்தில் ஊர்வலம் போனவர்களில் ஒருவர். மனுவைக் கையில் வாங்கி, "கை தூக்கிடலாமா?" என்றார்.

"ஆட்டத்தப் போட்டுப் பாத்துட்டுத் தூக்கலாம்ணே" என்றாள் குமுதவல்லி.

"எந்த ஆட்டம்? நேத்து எல்லாரும் திடல்லதானே இருந்தோம்?"

"நிகராட்டம்."

அறையில் யாரோ சிரித்தார்கள். மீன் வலை விற்கும் நாகூர் மீரான், "அதப் பாத்து இன்னாக்கா ஆவப் போவுது? ரிசல்ட்டுதான் தெரிஞ்சு போச்சே" என்றான்.

"கப்பு வாங்கப் போற ஆட்டம் மீரான். அது எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்லுவ?"

எபினேசருக்கு இது பிடிக்கவில்லை. "குமுதா, டெரன்ஸ் தசை கிழிஞ்சது அவன் தப்பா? நம்ம தப்பா? யார் தப்பும் இல்லாத ஒண்ணுக்காக ஒரு வருசத்து உழைப்பு போவக் கூடாது. அதுக்குத்தானே இந்தச் சட்டமே வந்துச்சு. ஒருத்தனுக்குக் கண்ணு போன அப்புறம்."

"நானும் அதத்தாண்ணே இத்தன வருசமா எழுதுறேன். ஆனா நேத்து கொடுங்கையூர் கேப்டன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டு, தூங்காம வந்து ஆடினான். அது காயம் கெடையாது, அதுல வந்த லாபத்த நம்ம எடுத்துக்கினோம். தசை கிழிஞ்சா சேக்கலாம், தூக்கம் கெட்டா சேக்கக் கூடாது. இந்தக் கோட்ட யார் போட்டாங்க?"

"எங்கியாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆவணும்."

"சரி. அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னு ஒரு தடவ பாப்போம். நாலு மணிக்குத்தானே மனு."

எபினேசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையை இறக்கச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியது. அதே திடல், அதே வெயில், கோல்கம்பத்துக்குப் பின்னால் அதே தண்ணீர்த் தொட்டி. கூட்டத்தில் இவர்களே உட்கார்ந்திருந்தார்கள். மீரான் தன்னைக் கண்டுபிடித்துக் காட்டினான். முதல் பத்து நிமிடம் அதிலேயே போயிற்று. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அமலதாஸ் காலை ஷிஃப்ட் முடித்துக் கைரேகைச் சீட்டின் நகலை வாங்க வந்திருந்தான். திரையைப் பார்த்ததும் அப்படியே சுவரோரம் நின்றுவிட்டான்.

பெஞ்சில், மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, திரையின் அமலதாஸ் இருந்தான்.

"ஷூ லேஸ அவுத்து அவுத்துக் கட்டுறேன் பாருக்கா" என்றான் மெல்ல. "பெஞ்சுல ஒக்காந்தா நான் அதான் பண்ணுவேன். இதுக்கு எப்டி தெரிஞ்சுது?"

"ஆறு வருசமா உன் சட்டைதான் சொல்லிக்கினே இருந்துச்சே."

அவன் பக்கத்தில் வந்து அமர்ந்தான். இருபதாவது நிமிடத்தில் அந்தக் கார்னர் வந்தது. டெரன்ஸ் ஓரடி முன்னால் வந்து, தலைகளுக்கு மேலே பந்தை இரண்டு கையாலும் பிடித்தான். அமலதாஸ் பெருமூச்சு விடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. முன்னால் குனிந்து, "இன்னொரு தபா போடுங்க" என்றான். மீண்டும் போட்டார்கள். "அவன் ஓரடி முன்னாடி வர்றான். நான் கோட்டுமேலயே நின்னுட்டேன். சரியாத்தான் போட்டிருக்கு. அது நான் விட்ட கோலுதான்."

கன்னிகாபுரம் ஒரு கோல் போட்டது. பிறகு இன்னொன்று. நேற்று இதே கோலுக்குத்தான் எபினேசர் தன் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அப்புறம் தேடினார். இன்று அவர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது கோலும் விழுந்தது. நேற்று நடக்காத கோல், அழகான கோல், இருபத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து வளைந்து போய் மூலையில் இறங்கியது.

எண்பத்தெட்டாவது நிமிடம் வந்ததும் அமலதாஸ் நிமிர்ந்தான். பந்து நேற்று வந்த அதே வழியில் வந்தது. டெரன்ஸ் கோட்டிலேயே நின்றான். பின்வரிசையில் நின்ற ஸ்டாப்பர் ஓடிவந்து பந்தைக் காலால் ஒதுக்கி விட்டான். அவ்வளவுதான். ஆட்டம் நடுத்திடலுக்குப் போய்விட்டது.

"பெனால்டியே வரல" என்றான் அமலதாஸ். அவன் குரலில் வியப்புதான் இருந்தது. "நான் தப்பு பண்ணாதான் அது வரும் போல."

ஊதல் ஒலித்தது. மூன்றுக்குப் பூஜ்யம். தங்கள் அணி கோப்பை வென்ற ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, ஒன்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெயிச்சிட்டோம்" என்றார், அந்தச் சொல் சரியாக இருக்கிறதா என்று சொல்லிப் பார்ப்பவர்போல.

பிறகு அமலதாஸைப் பார்த்து, "நீ இன்னாப்பா சொல்ற?" என்றார்.

"நான் ஆட்டக்காரன்ணே. எனக்கு ஓட்டு கெடையாது. எனக்கும் கப்பு வேணும்தான்." சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

குமுதவல்லி தன் மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முப்பத்தேழு மனுக்களிலும் கைரேகை வைத்த ஆட்களை நினைத்துப் பார்க்க முயன்றாள். நான்கைந்து முகங்களுக்கு மேல் வரவில்லை. அவர்கள் யாராவது அப்போதே இவனைப் போலக் கேட்டிருக்கலாம். அவள் காதில் விழாமல் போயிருக்கலாம்.

"எனக்கு இந்த மனு வேணாம்ணே" என்றாள். "டெரன்ஸ் இருந்திருந்தா நம்மதான் பெரிய டீம். அத நான் நம்புறேன், மெஷினும் சொல்லுது. ஆனா நேத்து அவன் இல்லையே. இல்லாதப்ப நம்ம எப்டி இருந்தோம்கிறதும் நம்ம ஆட்டம்தானே."

"ஊர்ல இன்னா சொல்லப் போறே?" என்றார் எபினேசர்.

"தெரியல."

கை தூக்கினார்கள். மனு வேண்டும் என்று நான்கு கைகள் எழுந்தன, எபினேசருடையதும் சேர்த்து. வேண்டாம் என்று ஐந்து. ஐந்தாவதாக எழுந்தது மீரானின் கை. தூக்கிவிட்டு, அது தன்னுடையதுதானா என்பதுபோல அதைப் பார்த்தான். எபினேசர் தோற்ற பக்கம் நின்றாலும், முடிவை ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதிக் கையெழுத்திட்டார். மணி மூன்று நாற்பது.

மாலையில் காசிமேட்டில் வெடிச்சத்தம் கேட்டது. கன்னிகாபுரத்தில் முதலில் யாரும் நம்பவில்லை. கிடைக்கிற வெற்றியை வேண்டாம் என்று சொன்ன ரசிகர் அவை லீக்கில் அதுவரை ஒன்றுகூட இல்லை. நம்பிய பிறகு கோபம் வந்தது. பணிமனையில் அவளோடு சாப்பிடுகிற மூன்று பெண்கள் வேறு மேசைக்குப் போனார்கள். கஜபதி பேனர்த் துணியை அவள் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு திடல் எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போனாள். எத்தனை நாள் ஒளிந்திருப்பது? கடையில் இருபது பேர் இருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. மூலையில் அமலதாஸ் இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான். கஜபதி அவள் பக்கம் திரும்பாமல், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"கப்பு யாரால போச்சு? அத மட்டும் சொல்லுங்க."

குமுதவல்லி பதில் சொல்லத் தயாரானாள். இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில். அதற்குள் அமலதாஸ் கண்ணாடி டம்ளரைப் பலகையில் வைத்தான்.

"என்னாலதான்" என்றான்.

கஜபதி அவனைப் பார்த்தான்.

"அந்தக் கார்னர்ல நான் ஓரடி முன்னாடி வந்திருக்கணும். வரல. அந்தக் கோல் இல்லாட்டி ரெண்டு பூஜ்யம், கப்பு நம்மளுது. அக்கா மேல கோவப்படாத. நான் விட்ட கோலு."

பதினோரு வருடமாக அந்தத் திடலில் எந்த ஆட்டக்காரனும் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. தொடை, கணுக்கால், தோள்பட்டை என்று ஏதாவது ஒன்று அவர்களுக்காகச் சொல்லிவிடும். அமலதாஸ் தலை குனியவில்லை. அவன் குரலில் ஒரு நிறைவுகூட இருந்ததாகக் குமுதவல்லிக்குத் தோன்றியது. அது அவனுடைய ஆட்டம். விட்டதும் அவனுடையது.

இந்த மாதிரி பதிலோடு எப்படிச் சண்டை போடுவது என்று கஜபதி வயதுக்காரர்கள் கற்றுக்கொண்டதே இல்லை. அவன் ஒரு ஸ்டூலை இழுத்து அமலதாஸுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"சரிண்ணே, அத வுடு" என்றான். "பெனால்டிய லெஃப்ட்லதான் அடிப்பான்னு உனுக்கு எப்டி தெரிஞ்சுது?"

அமலதாஸ் துணி சுற்றிய கையால் இரண்டு டம்ளர்களைக் கோல்கம்பங்களாக நகர்த்தி வைத்தான். நடுவில் தனக்குப் பதிலாக ஒரு பிஸ்கட்டை வைத்தான். எல்லாரும் நெருங்கி வந்தார்கள்.