மியெனின் கைராசி

மியென் பத்தடி கூடப் போயிருக்க மாட்டாள். பின்னால் லைட்டர் சொடுக்கும் சத்தம். அப்புறம் காகிதம் கருகும் வாடை...

திரும்பிப் பார்த்தாள்.

இவ்வளவு நேரம் சிரித்துச் சிரித்து விலை பேசிய அதே விளக்குக் கடைக்காரன், எரியும் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தொங்கிய பட்டு விளக்குகளுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்தால் பால் வடிகிறது. செய்கிற காரியத்தைப் பாருங்கள்...

வியட்நாமில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஆளாக வந்தவர் பேரம் பேசிவிட்டுப் போணி பண்ணாமல் போனால், அன்றைய வியாபாரம் படுத்துவிடும். போனவரின் பீடையைக் கொளுத்தி விரட்ட வேண்டும்.

ஆக, பீடை அவள்தான்.

இத்தனைக்கும் மியென் எந்தக் கடைக்கும் முதல் ஆளாகப் போகிறவளே இல்லை. இந்த இரவுச் சந்தையிலும் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் வெறுமனே போட்டோ எடுக்க வந்தவர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு அந்தக் கடைக்காரனின் கண்கள்... விலை சொல்லும்போதுகூட விளக்கைப் பார்க்காமல் அவளையே பார்த்த கண்கள். அதில் தடுமாறித்தான், ஆசைப்பட்ட நீல விளக்கைக்கூட வாங்காமல் நகர்ந்தாள்.

ஊரில் அவளுக்கு ஏற்கனவே அந்தப் பெயர் இருந்தது. ஹாய் ஃபோங்கில் சேமியாக் கடை வைத்திருக்கும் சித்தியே, "மத்தியானத்துக்கு மேல வாடி, காலையில வந்து நிக்காத" என்பாள். போன வருடம் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மியென் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே அவர்களுடைய மீன்பிடிப் படகின் இன்ஜின் வெடித்தது. "பொண்ணு வந்த வேளை" என்றார்கள். அத்தோடு சரி. தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் நாலு நாள் நிம்மதியாகச் சுற்றலாம் என்றுதான் ரயிலேறி ஹோய் ஆனுக்கு வந்தாள். இங்கேயுமா?

விறுவிறுவென்று கடைக்கே திரும்பி நடந்தாள்.

"அது எனக்குத்தானே?"

"எது?"

"கையில எரியுதே... அது."

அவன் கையை உதறினான். நெருப்பு விரலைத் தொட்டுவிட்டது. "இதுவா... இது கொசுவுக்கு."

"பேப்பர் கொளுத்திக் கொசு விரட்டுற ஊரை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"எங்க ஊர் கொசு கொஞ்சம் பெரிசுங்க..."

"ஆமா. பார்த்தேன். வாயெல்லாம் பல்லா நின்னு பொய் சொல்லுது."

அவன் சிரிக்கப் போனான். அவள் கண்களைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. விளிம்பு வரை நிறைந்து, இதோ விழப்போகிறேன் என்று நின்ற கண்ணீர்...

"ஏங்க... சத்தியமா உங்களை நோகடிக்கணும்னு இல்லைங்க. பழக்கதோஷம். எங்கம்மா செய்வாங்க, நானும் செய்வேன். இதுக்குப் போய்..."

"இதுக்குப் போயா? உங்களுக்கு இது ஒரு துண்டு பேப்பர்."

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. சடசடவென்று மழை. பட்டு விளக்கு நனைந்தால் சாயம் ஓடிவிடும், அப்புறம் குப்பைக்குத்தான். அவன் ஓடினான். மியென் ஒரு நொடி நின்றாள். கோபம் கோபம்தான்... விளக்குகள் என்ன பாவம் செய்தன? அவளும் கொக்கியிலிருந்து அவிழ்த்து அவிழ்த்து உள்ளே கொடுத்தாள். கடைசி விளக்கு உள்ளே போனபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

மழை விடவில்லை. சந்தை காலியாகிவிட்டது. இரண்டு குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்கள், சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாய் எரியும் விளக்குகள், தார்ப்பாய் மேல் மழை... அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சித்தி, படகு, அந்த மாப்பிள்ளை வீடு. முன்பின் தெரியாத ஒருவனிடம் ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. சொல்லச் சொல்ல மனசு லேசானது.

தோவான், தன் பெயரென்று அவன் சொன்னது அதுதான், ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"பாருங்க, மழை வந்து உங்களுக்கு ஒரு விளக்குகூட விக்கல" என்றாள் மியென். "நீங்க கொளுத்தினது சரிதான்."

"ஐப்பசி மாசம் ஹோய் ஆன்ல மழை பெய்ய நீங்க வரணுமாக்கும்?" என்றான். பிறகு மெதுவாக, "நாளைக்கும் நீங்கதான் என் கடைக்கு முதல்ல வரணும்."

"எதுக்கு? கொளுத்துறதுக்கு மிச்சப் பேப்பர் இருக்கா?"

"நிஜமாத்தான் கேக்குறேன். நீங்க வராம நான் கடையைத் தொடங்க மாட்டேன்."

"என் மேல பரிதாபப்பட வேண்டாம். வர மாட்டேன்."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். ரோஷக்காரி.

மறுநாள் சாயங்காலம் மழை ஓய்ந்து, கழுவிவிட்ட மாதிரி இருந்தது ஊர். மியென் சந்தைப் பக்கமே போகவில்லை. ஒரு கிண்ணம் காவ் லாவ் நூடுல்ஸ் வாங்கி, பன்றி இறைச்சியும் கீரையுமாய் ரசித்துச் சாப்பிட்டாள். தாமரை இதழ் மிதக்கும் மூலிகை ஜூஸைக் கையில் எடுத்துக்கொண்டு மஞ்சள் சுவர்களை ஒட்டி நடந்தாள். இருட்டிய பிறகு ஒரு படகில் ஏறினாள். ஹோவாய் ஆற்றில் தண்ணீரைவிட வெளிச்சம்தான் அதிகம் ஓடியது. காகித விளக்கு ஒன்றை ஏற்றித் தண்ணீரில் விட்டாள். அது ஆடி ஆடிப் போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண் மட்டும் அக்கரைச் சந்தைக்கே ஓடியது...

துடுப்புப் போட்ட அம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை.

"அதோ பாரு பொண்ணே, அந்த விளக்குக் கடைப் பையன். அவனுக்கு என்னமோ ஆயிடுச்சு. ஆறு மணியிலேர்ந்து விளக்கெல்லாம் ஏத்தி வச்சுக்கிட்டு, வர்றவங்களைப் பூரா திருப்பி அனுப்புறான். ஒரு கும்பலே காசும் கையுமா நின்னுச்சு. கடை இன்னும் தொடங்கலைன்னுட்டான்."

மியென் அக்கரையை எட்டிப் பார்த்தாள். "ஏனாம்?"

"முதல்ல யாரோ ஒருத்தி வரணுமாம். அவ பேரைக்கூடக் கேக்கலையாம், கூறுகெட்டவன். அவங்கம்மாவுக்கு இப்பத்தான் யாரோ போய்ச் சொன்னாங்க. இன்னிக்கு இருக்கு அவனுக்கு..."

"படகை அந்தப் பக்கம் விடுங்க பெரியம்மா. சீக்கிரம்."

படகு நின்றதும் நிற்காததுமாகப் படியேறினாள். மேலே சந்தையில், இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள் தோவானின் அம்மா. ஒல்லி உடம்பு. குரல் மட்டும் ஊரைக் கூட்டும்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். வந்த போணியை வேணாம்னு சொன்ன முதல் மகராசன் நீதான்டா. யாரு அந்த ராசிக்காரி? எனக்கும் காட்டு, கும்பிட்டுக்கிறேன்."

தோவான் நிமிர்ந்தான். மியெனைப் பார்த்துவிட்டான். அந்தக் கண்களில் வந்த வெளிச்சம்... சுற்றி எரிந்த அத்தனை விளக்கும் அவளுக்கு மங்கிப்போயின. அப்படியே ஓடிவிடலாமா என்று கால் கெஞ்சியது. ஓடினால், ஊரார் சொன்ன பெயரைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முன்னால் வந்தாள்.

"நான்தான் பெரியம்மா. ஆனா ராசிக்காரி இல்ல. எங்க ஊர்ல யாரும் என்னைக் காலையில கடைக்குள்ள விட மாட்டாங்க. நேத்து உங்க பையனும் பேப்பர் கொளுத்தினாரு. அவரைத் திட்டாதீங்க."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்த வருஷம் பொறந்த?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எத்தனை பேர் முகம் சுருங்கியதை மியென் பார்த்திருக்கிறாள். "புலி வருஷம்."

"புலியா..." அம்மா இழுத்தாள். வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர் வைக்கிற அந்த நாட்டில், புலி வருஷத்துப் பெண்ணென்றால் புகுந்த வீடு தாங்காது என்பார்கள். தோவான் வாயைத் திறக்கப் போனான். அம்மா கையமர்த்தினாள்.

"நானும் புலிதான். இவங்கப்பா முப்பத்தஞ்சு வருஷமா தாங்கிக்கிட்டுத்தான் இருக்காரு. இன்னும் ஒண்ணும் ஆகல, காதுதான் கொஞ்சம் மந்தம்." பிறகு மகனிடம், "என்னடா மசமசன்னு நிக்கிற? ஒரு விளக்கை எடுத்து அவ கையில குடு. கூட்டம் போயிட்டே இருக்கு. போணி ஆகட்டும், அப்புறம் மூஞ்சியைப் பாத்துக்கோ."

மியென் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து, நேற்று ஆசைப்பட்ட அந்த நீல விளக்கையே வாங்கினாள். அம்மா அந்த நோட்டை வாங்கி மற்ற விளக்குகளின் மேலெல்லாம் தட்டித் தடவிவிட்டு, அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போனாள். போகிற போக்கில் காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

"பேரு?" என்றான் தோவான்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? மியென்."

"மியென்..." ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "டெட் புத்தாண்டுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல முதல் காலடி நீங்க வைக்கணும்."

புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் வருகிற முதல் காலடியில்தான் அந்த வருடத்தின் நல்லது கெட்டதே இருக்கிறது என்று நம்புகிற தேசம் அது. பணக்காரனாய், பிள்ளைகுட்டிக்காரனாய்ப் பொறுக்கியெடுத்து ஆளை அழைப்பார்கள். அவளை யாரும், விளையாட்டுக்குக்கூட, அழைத்ததில்லை.

"தெரிஞ்சுதான் கேக்குறீங்களா? அந்த வருஷம் பூரா நஷ்டமா வந்தா?"

"வரட்டும்."

"மழையா பெய்ஞ்சா?"

"சேர்ந்து நனைவோம். நல்ல ராசின்னு நினைச்சுக் கேக்கல, மியென். உங்க ராசி எப்படி இருந்தாலும் அது எனக்கு வேணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

நேற்று விழாமல் நின்ற கண்ணீர் இன்று விழுந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் எந்த வாசலிலும் ஒதுங்கி ஒதுங்கி நின்ற கால்கள்... அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள் மியென். "ஆனா முதல் காலடி மட்டும் வச்சுட்டுத் திரும்பிப் போறதுக்கு நான் வர மாட்டேன், தோவான். வந்தா, இருக்கறதுக்குத்தான் வருவேன்."